மணவறையில் உம்முடைய பெயர்

என் ஆசைப் புவனேஸ்வரிக்கு,

இஞ்சாரும், இதை எழுதுவது நான்தான். யாரும் எழுதித் தரவில்லை. ஒரு வரிக்குக் கால் மணித்தியாலம் ஆகிறது, ஆகட்டும். குடிவரவுப் படிவம் தொடங்கி மருந்துப் பட்டியல்வரை எனக்காக நீரே எழுதினீர். நீர் போய் மொன்றியலில் இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், எங்கள் பேத்தி ஆரணிக்குப் பக்கத்து வாங்கில் குந்தியிருந்து அ, ஆ படித்தேன். சிரிக்கிறீரோ?

செய்தி இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை லவாலில் எங்கள் சின்னவள் மாலினிக்குக் கலியாணம் முடிந்தது. அதைப் பார்க்காமல் போகிறேனே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீர் அழுதது எனக்கு மறக்கவில்லை. அவளுடைய மணவறையில் உம்முடைய பெயராவது கேட்க வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

கன்னிகாதானத்தில் தலைமுறைப் பெயர்கள் சொல்வார்கள் அல்லவா? ஐயரிடம் கேட்டேன்.

“தகப்பன் வழியில மூண்டு பேர்தான் அண்ணை. தாயின்ரை பேர் அதுக்குள்ள வராது. எழுதித் தாங்கோ.”

ஒரு மாலை முழுவதும் இருந்து எழுதினேன். என் பாட்டனார், என் அப்பா, நான். முடிந்தது. கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. கை நிற்கவில்லை. உம்முடைய பெயரையும் எழுதிவிட்டேன். கேளாமல் செய்தது பிழைதான்.

கலியாணத்தன்று பிள்ளைகளின் கூத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். தாலி கட்டும்போது போடக் கொடுத்த அட்சதையை, மாப்பிள்ளை மணவறையில் ஏறியவுடனேயே அவருடைய தலைப்பாகையில் எறிந்து முடித்துவிட்டார்கள். பிறகு வெறுங்கையோடு நின்று, “இன்னும் தாங்கோ!”

நீர் இல்லாமல் நான் தனியே தாரைவார்க்க ஏலாது என்று, எங்கள் இடத்தில் மூத்தவள் சுகந்தியும் மருமகனும் தாரைவார்க்க இருந்தார்கள். ஐயர் என் தாளைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

“இது ஆற்றை எழுத்து?”

“அம்மப்பான்ரை,” என்றாள் ஆரணி. “எனக்கு வாசிக்கத் தெரியும். நாங்கள் ஒரே கிளாஸ்.”

“நல்லதாப் போச்சு. வா பிள்ளை, வந்து வாசி.”

மூன்று பெயர்களை வாசித்தாள். அவள் நிற்கவில்லை. “புவனேஸ்வரி!”

ஐயர் நிமிர்ந்தார். “அண்ணை, நான் சொன்னனான் எல்லோ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அது அம்மம்மா,” என்றாள் ஆரணி. “அவாவைக் கூப்பிடாட்டி, சித்திக்குக் கலியாணம் எண்டு அவாக்கு எப்பிடித் தெரியும்?”

தவில்காரர் சிரித்துவிட்டார். ஐயருக்கும் சிரிப்பு வந்தது.

“சரி. புவனேஸ்வரியின்ரை மகள் எண்டும் சொல்லுவம்.”

அந்த மந்திரத்தில் பெயர்களை மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்று முறையும் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்க உம்முடைய பெயர் கேட்டது. மாலினி அழுதுகொண்டே சிரித்தாள். அங்கே உமக்குக் கேட்டதா?

வரும் வழியில் காரில், “மெர்சி, ஆரணி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.

“உங்கடை எழுத்தெல்லாம் சரிஞ்சு விழுது, அம்மப்பா.”

“உன்ரை கலியாணத்துக்கு நேரா எழுதுறன்.”

“நான் கட்டமாட்டன்!”

கட்டினாலும் கட்டாவிட்டாலும் எழுதி வைப்பேன், புவனேஸ். இது உமக்கு நான் தரும் வாக்கு. அந்தத் தாளில் உம்முடைய பெயர் கீழே மிஞ்சிய இடத்தில் இருக்காது. முதல் வரியில் இருக்கும்.

தன் கையாலேயே ஒப்பமிடும்,
உம்முடைய மனுசன்
தம்பிராசா