கண்ணாடி பீரோவுக்குள் உள்ளூர் எழுத்தாளர்கள்

நவம்பர் 12, புதன்.

தூக்கம் வரவில்லை. வெள்ளக்கடை கிராமத்து ஜீப் டிரைவர் பழனிச்சாமி இன்று நூலகத்துக்கு வந்தார். கட்டிக்கொடுத்த மகளும் கூட வந்திருந்தாள்.

"ஏனுங்க மேடம், நம்ம கதைப் புஸ்தகத்தக் கொஞ்சம் எடுங்க. புள்ள பாக்கோணுங்குது."

தான் எழுதிய கதைகளின், கையிலிருந்த ஒரே பிரதியை என்னை நம்பிக் கொடுத்தவர்.

உள்ளூர்க்காரர்கள் எழுதியதைச் சேகரித்து ஊருக்குப் படிக்கக் கொடுப்பதுதான் எங்கள் நூலகத்தின் திட்டம். தொலைந்துவிடுமே என்று நான் எல்லாவற்றையும் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினேன். யாரும் கேட்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குப் பூட்டு ஒரு தடையா?

புத்தகம் ஈரம் குடித்து, பூசணம் பூத்து, செங்கல் மாதிரி இறுகியிருந்தது. மகள் ஒரு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தாள். எழுத்தோடு கிழிந்து வந்தது.

கிழிந்த துண்டை அவசரமாக உள்ளே வைத்து மூடினேன். அவர்தான் என்னைத் தேற்றினார். "உடுங்க மேடம், இந்த வருசம் மழ நொம்பங்க. ஊட்டுக்குக் கொண்டுபோயி அடுப்புக்கிட்ட காயவெச்சுத் தர்றனுங்க."

விதிப்படி அவர் பெயரிலேயே இரவல் பதிந்து, தேதி முத்திரை குத்தினேன். அந்தப் புத்தகத்தில் விழுந்த முதல் முத்திரை. இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று வேறு சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ.