வளர்மதியின் ரேஸ் சூட்டுக்கு எரியாத நூல்

ஆடி 3, வெள்ளி

காலையிலிருந்து காற்று. கடை வாசலில் கட்டிய தள்ளுபடி பேனர் இரண்டாவது முறையாகக் கிழிந்தது. ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவு என்றால் ஆடி மாதம் உட்காரவே கூடாது என்று அர்த்தம். கால் இரண்டும் வீக்கம். வெந்நீர், கல்லுப்பு.

இரவு ரசம் ஊற்றிக்கொண்டே வளர்மதி சொன்னாள்: "ஆடி இருவத்தாறு ஞாயித்துக்கெழம எனக்கு ரேஸ் இருக்குதுங்க."

"இன்னா ரேஸு?"

"கார் ரேஸு. மெட்ராஸ் பக்கத்துல டிராக்கு. என்னாட்டம் புதுசா ஓட்றவங்களுக்குன்னே வெக்கறாங்க. காரும் அவங்களே குடுப்பாங்க. பேர் குடுத்துட்டேன்."

பேர் கொடுத்த பிறகுதான் புருஷனுக்குத் தகவல். என் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கள்ளக்குறிச்சியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் இவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அவள் இடுப்பு வலியைச் சொன்னேன். லீவு கிடைக்காது என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். எல்லாவற்றுக்கும் அப்பளம் உடைக்கிற சத்தம்தான் பதில்.

கடைசியில்: "வருஷக் கணக்கா அடுத்தவங்க ஓட்ட, நான் பக்கத்து சீட்ல பிரேக் மேல கால வெச்சிக்கினே உக்காந்துனு இருக்கேன். ஒரே ஒரு தபா யாரும் பக்கத்துல இல்லாம இஷ்டத்துக்கு ஓட்டிப் பாக்கணும்ங்க."

இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

நெருப்புத் தாங்குகிற உடை கட்டாயமாம். அது இல்லாமல் காரில் ஏற்ற மாட்டார்கள். "துணி எடுக்கணும்னா உங்கள வுட்டா யாரு இருக்கா?" என்றாள். ஐஸ். தெரிந்தே மயங்கினேன்.

நான் தடுத்ததற்கு உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். சின்ன வயதில் அத்தையின் நைலான் சேலை ஸ்டவ்வில் பட்டதைப் பார்த்தவன் நான். துணி எரியவில்லை, உருகியது. உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அத்தை பிழைத்தாள், ஆனால் அந்தக் கையை முழுதாக மடக்க முடியாமலே போயிற்று. எனக்கு நெருப்பென்றால் பயம். அவ்வளவுதான்.

ஆடி 5, ஞாயிறு

முதலாளியிடம் பல் வலி என்று பொய். இருவரும் மெட்ராஸ் பஸ். வழியெல்லாம் தூறல்.

ரேஸ் சாமான் விற்கிற கடை. மாடியில் சின்ன ஏ.சி. அறை. ஒரு தம்பி மட்டும். பொறுமைசாலி, அவன் நன்றாக இருக்க வேண்டும்.

துணியை விரலால் தேய்த்தேன், முகர்ந்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன். "சார், இது சேலை இல்ல சார்" என்றான். துணி எதுவானாலும் துணிதானே தம்பி.

தெரிந்துகொண்டவை:
- ஓரடுக்கு, ஈரடுக்கு, மூன்றடுக்கு. அடுக்கு ஏற ஏற நெருப்பு உள்ளே வர நேரமாகும். வேர்வையும் ஏறும்.
- இறுக்கமாகப் போடக் கூடாது. உள்ளே இருக்கிற காற்றும் ஒரு காவல்.
- அளவு நிற்க வைத்து மட்டும் அல்ல, உட்கார வைத்தும் பார்க்க வேண்டும்.
- காலருக்குப் பின்னால் நெருப்புச் சோதனை முத்திரைச் சீட்டு இல்லாததைத் தொடவே வேண்டாம்.

மூன்றடுக்கு எடு என்றேன் நான். அவளுக்கு ஒன்று போதுமாம். "மூணு போட்டா ரேஸுக்கு முன்னாடியே நான் வெந்துடுவேன்" என்றாள். தம்பி இரண்டில் முடித்து வைத்தான்.

நிறம் நீலம். "இதுலயே மயில்கழுத்து இருக்காப்பா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி, இன்று நானே கேட்டேன். வளர்மதி சிரித்த சிரிப்பில் தம்பிக்கும் சிரிப்பு.

பெண்கள் அளவு இருப்பில் இல்லை. ஆண்களில் சின்னது. தோள் சரி, இடுப்பு சரி, கால் மட்டும் நீளம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பி, "எப்டி?" என்றாள்.

கல்யாணப் பட்டில்கூட அவள் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. "பரவால்ல" என்றேன். அசடு.

ஆடி 7, செவ்வாய்

சூட்டோடு ஓட்டிப் பழக வேண்டுமாம். விடிகாலையில் கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினோம். நான் பக்கத்து சீட். மேலே பனி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போனோம். வேகமெல்லாம் இல்லை. ஆனால் வளைவுகளில் அவள் கை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

டீக்கடையில் இறங்கினாள். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள்:

"இன்னாடி இது, போலீஸா?"

"போலீஸு ஊதா போடுமா? கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்துருப்பாங்க."

வளர்மதி டீயைத் துப்பிவிட்டாள்.

இறக்கத்தில்தான் விஷயம். சூட்டின் வலது கால் துணி குதிகாலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. பிரேக்குக்குக் கால் ஒரு நொடி பிந்தியது. ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் தூக்கித் தெக்கணும்" என்றாள். "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆடி 9, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். கடை வாசலில் மெஷின் போட்டிருக்கும் அமீர் பாயிடம் சூட்டைக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்து, "இன்னாண்ணே, சாக்குத் துணியா?" என்றார். விளக்கினேன். எழுந்து நின்று கும்பிட்டார், சூட்டை இல்லை, வளர்மதியை.

எனக்கு இன்னொரு யோசனை. நெஞ்சில் அவள் பெயர். சிவப்பு நூலில், பளிச்சென்று. அவளுக்குத் தெரியாமல். பாய், "எத்தினி எழுத்து?" என்று மட்டும் கேட்டார்.

ஆடி 10, வெள்ளி

ஆடி வெள்ளி, கடையில் கூழ். கூட்டம் தாங்கவில்லை.

இரவு சூட்டைக் கொடுத்தேன். கால் கச்சிதம். நெஞ்சில் 'வளர்மதி'. விரலால் எழுத்து எழுத்தாகத் தடவினாள். "லைசென்ஸ்ல, ரேஷன் கார்டுல இருந்த பேரு. இப்பத் தாங்க இது என் பேரு மாதிரி இருக்குது" என்றாள். சூட்டோடேயே தோசை சுட்டாள். நெருப்புக்குப் பயமில்லையாம் இனி.

எனக்கும் பயம் கொஞ்சம் கம்மியானது போல இருந்தது.

ஆடி 14, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

மதியம் ஒரு அம்மா பட்டு அசலா என்று சண்டை. வழக்கம்போல ஓரத்தில் ஒரு இழை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகும் வாசனை, கையில் நசுக்கினால் சாம்பல். அசல். அம்மாவுக்குத் திருப்தி, போனார்கள். குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் பாய் கொடுத்த மீதிச் சிவப்பு நூல். கைப் பழக்கம், அதையும் காட்டிவிட்டேன்.

சுருண்டது. உருகியது. கறுப்பாகச் சொட்டி மேஜைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பாலியஸ்டர். பாய் காலைத் தைத்ததும் இதே ரகம்தான்.

அத்தையின் கை.

நெருப்பு தாங்குகிற சூட்டைத் தேடித் தேடி வாங்கி, உருகுகிற நூலை அவள் நெஞ்சிலும் காலிலும் நானே தைக்க வைத்திருக்கிறேன். துணிக்காரனாம் நான். தூ.

மெட்ராஸ் தம்பிக்குப் போன். முதல் கேள்வியே, "சார், கால் துணிய வெட்டிட்டீங்களா?" வெட்டியிருந்தால் சூட் போச்சு, ரேஸும் போச்சு. பாயிடம் ஓடினேன். "நான் யாரு துணியையும் வெட்ட மாட்டேண்ணே. பள்ளிக்கூடப் பேண்ட் கணக்கா உள்ள மடிச்சித் தான் தச்சிருக்கேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி சொன்னது: எல்லாத் தையலையும் பிரிக்க வேண்டும். போட்டோ அனுப்ப வேண்டும். நெருப்பு தாங்கும் நூல் அனுப்புகிறான், அதில் காலை மடித்துத் தைத்தால் இந்த மாதிரிப் புதியவர் ஓட்டத்தில் ஏற்பார்கள், ரேஸ் அன்று காலை சோதித்துப் பார்த்த பிறகு.

இனி அவளிடம் சொல்ல வேண்டும். இத்தனை சாக்கு சொன்னவன் வாயிலிருந்து வந்தால் இதை யார் நம்புவது?

ஆடி 15, புதன்

சொன்னேன்.

சூட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இடுப்பு வலின்னீங்க. லீவு இல்லன்னீங்க. ஊரு சிரிக்கும்னீங்க. இப்ப நூலா?"

"கொளுத்திக் காட்றேன், பாரு."

"வேணாம். நீங்க எதக் காட்டுனாலும் நான் போகாம இருக்கத் தான் காட்டுவீங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். பேரெல்லாம் எழுதிக் குடுத்து..."

முடிக்கவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று நினைக்கிறாள். அத்தை கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதுவும் சாக்காகத்தான் கேட்கும்.

ஆடி 16, வியாழன்

காற்று, தூசி. பேச்சு இல்லை. டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம், உப்பு சரியாக இருந்தது. கோபத்திலும் உப்பு தப்பாது அவளுக்கு.

மெட்ராஸ் நூல் வராமல் போனால்? கடையில் இருக்கிற எல்லா நூலையும் சாப்பாட்டு நேரத்தில் கொளுத்திப் பார்த்தேன்.

பட்டு: கருகும். பருத்தி: காகிதம் போல எரியும். நைலான்: சொட்டும். ஜரிகை: கருகிச் சுருளும். ஃபால்ஸ் நூல்: சொட்டும். கோணி ஊசி நூல்: மொத்தமாகப் பற்றியது, முதலாளி ஓடிவந்தார்.

ஒன்றும் உதவாது. கருகினதையெல்லாம் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன், மறுபடி அதையே கொளுத்தாமலிருக்க. விரலில் கொப்புளம். பர்னால்.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. கோமுகி அணைக்குப் போனோம், பேசாமலேயே, ஒரே வண்டியில். தண்ணீர் கம்மி, கூட்டம் ஜாஸ்தி. காதோலை, கருகமணி, சித்திரான்னம். பெண்களெல்லாம் கரையில் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வளர்மதியும் புது மஞ்சள் கயிற்றை எடுத்தாள். கட்டாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"இதையும் கொளுத்திப் பாக்கணுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நேத்து சட்டையத் தொவைக்க எடுத்தேன். பையில தீப்பெட்டி. தொறந்தா குச்சி இல்ல, கருகுன நூலா இருக்குது. கடை நூல எல்லாம் கொளுத்துனீங்களா?"

"ஒண்ணாச்சும் உருகாதான்னு பாத்தேன்."

"ரேஸ நிறுத்தணும்னா எதுக்கு வேற நூலு தேடப் போறீங்க?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "வாய் இருக்குது இல்ல? சொல்றதுக்கு இன்னா?"

அப்போதுதான் அத்தையைப் பற்றிச் சொன்னேன். நெருப்புப் பயத்தைச் சொன்னேன். ஆற்றங்கரை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் தேங்காய்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களையே பார்த்தது.

"பயம் எனக்கும் இருக்குதுங்க" என்றாள். "பயத்தோட தான் ஓட்டப் போறேன்."

கயிறு பருத்திதான், எரியும், உருகாது என்றேன். தலையில் ஒரு குட்டு. கட்டிவிட்டேன்.

ஆடி 19, ஞாயிறு

கடையிலிருந்து வந்ததும் இருவரும் பிளேடும் ஊசியுமாகத் தையல் பிரித்தோம். கால் சீக்கிரம் வந்துவிட்டது. பெயர்தான் கஷ்டம். 'தி'யிலிருந்து பின்னோக்கி.

"என் பேர நீங்களே அழிக்கறீங்க."

"வாய மூடிக்கினு வெளிச்சத்தக் காட்டு."

ஒரு சிவப்பு இழை விடாமல் எடுத்தோம். போட்டோ அனுப்பினோம். வெளி அடுக்கில் ஊசித் துளை மட்டும்தான், கிழிசல் இல்லை, பரவாயில்லை என்று தம்பி பதில்.

ஆடி 21, செவ்வாய்

நூல் வந்தது. மங்கிய மஞ்சள், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. குச்சி காட்டினேன். கறுத்தது. எரியவில்லை, சொட்டவில்லை. இன்னொரு குச்சி. மூன்றாவதுக்கு வளர்மதி தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "தெக்கறதுக்குக் கொஞ்சம் வுடுங்க!"

பாய் தைத்துத் தருகிறேன் என்றார். நானே கையால் தைத்தேன், ஃபால்ஸ் அடிக்கிற தையல், நெருக்கமாக. கொப்புளத்தில் ஊசி இரண்டு முறை. பாய் எட்டிப் பார்த்து, "கோணலா போவுதுண்ணே" என்றார். போகட்டும்.

முதலாளியிடம் இந்த முறை உண்மை: மனைவிக்கு ரேஸ், லீவு வேண்டும். "பல் வலியே தேவலாம்யா" என்றார். கொடுத்தார்.

ஆடி 26, ஞாயிறு

வெயில். டிராக்கில் தார் மின்னுகிறது. பதினோரு பேரில் எட்டாவது. எங்கும் இடிக்கவில்லை, எதுவும் எரியவில்லை. இறங்கியதும் சூட்டைப் பிழிந்தால் குடம் நிறையும். "பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சிங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்று இளநீர் குடித்தாள்.

அதற்கு முன், காலையில் உடைச் சோதனை. கம்மல், வளையல், செயின் எல்லாம் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சோதிக்கிறவர் கண்ணாடி போட்ட கறார் ஆள். எங்களுக்கு முன்னால் ஒருவருடைய சூட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டார். முத்திரைச் சீட்டைப் பார்த்தார். சூட்டின் நெஞ்சுப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தார், சாய்த்தால் ஊசித் துளைகளில் பெயர் தெரிகிறது. பிறகு கால் துணியைத் திருப்பிப் போட்டு என் கோணல் தையலில் விரல் வைத்தார்.

"இது கம்பெனித் தையல் இல்லையே. யார் தைச்சது?"

பையிலிருந்த மீதி நூலை எடுக்கத் தடவினால் கையில் வளையல்தான் வருகிறது.

வளர்மதி என் தோளில் கையை வைத்தாள். அத்தனை பேர் முன்னால்.

"எங்க வூட்டுக்காருங்க. நெருப்புன்னா ரொம்பப் பயம் அவருக்கு. கடைல இருக்கற அத்தினி நூலையும் கொளுத்திப் பாத்துட்டு, எரியாத நூல்ல தான் எனக்குத் தச்சாரு."