குப்பைத்தொட்டி இல்லாத சமையலறை

பவானிபூர், கொல்கத்தா
8 அக்டோபர் 2003

அண்ணியின் பாதங்களில் துல்துல்லின் விஜயா நமஸ்காரம்.

துர்கையைக் கரைத்து மூன்று நாளாகிறது. விஜயா சமயத்தில் பெரியவர்கள் காலைத் தொட்டால் சின்னவர்கள் செய்த பிழையெல்லாம் தீர்ந்துபோகும் என்று அண்ணன் சொல்வான். அவன் இருந்தவரை எனக்கு அது வாய்க்கவில்லை. அவன் போய் நான்கு வருஷத்துக்குப் பிறகாவது கடிதத்தில் தொடுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரே நாத்தனார். ராணாகாட்டில் தனியாக என்ன சாப்பிடுகிறீர்களோ, உடம்பு எப்படி இருக்கிறதோ என்று நினைக்காத நாளில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் தபால்.

ஒரு நல்ல சேதி. நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் உணவகம் திறந்திருக்கிறேன். பெயர் 'கடைசிப் பருக்கை'. எதையும் தூக்கி எறியாத சமையல்! தோல், தண்டு, விதை, மீன் தலை, நேற்றைய சோறு எல்லாமே தட்டுக்கு வந்துவிடும். 'எங்கள் சமையலறையில் குப்பைத்தொட்டி கிடையாது' என்று வாசலில் போர்டே மாட்டியிருக்கிறேன். இப்போது இதுதான் நாகரிகம் அண்ணி, காரில் வந்து இறங்குகிறார்கள். ஆனால் என் சமையல்காரர் பைத்யநாத்துக்கு நாலு பண்டத்துக்கு மேல் தெரியவில்லை. சுரைக்காய்த் தோல், வாழைக்காய்த் தோல், உல்லம் மீன் தலை போட்ட அந்தச் சேம்பந்தண்டு, இதெல்லாம் உங்கள் கைக்குத்தானே வரும்?

நவம்பர் பதினாறாம் தேதி பத்திரிகைக்காரர்களையும் பெரிய மனிதர்களையும் அழைத்து விருந்து வைக்கிறேன். அது நன்றாக அமைந்தால் பார்க் ஸ்ட்ரீட்டில் இரண்டாவது கடை. முதல் போட ஒருவர் தயாராக இருக்கிறார். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல் செய்முறைகளை எழுதி அனுப்புங்கள், என் தங்க அண்ணி.

உங்கள் செல்ல
துல்துல்


ராணாகாட்
15 அக்டோபர் 2003

துல்துல்லுக்கு ஆசிகள்.

நமஸ்காரம் வந்து சேர்ந்தது. நீ சின்னவள், நான் பெரியவள், ஆசி கொடுத்தாயிற்று. அதில் நான் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பெண்கள் வீட்டுக்கே பூகோளம் படிக்க வந்துவிடுகிறார்கள். எந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்கிறாய். வேறு எங்கே வைப்பது, நீயே சொல்லேன்.

என் மகளுக்கு முதல் சோறு ஊட்டிய நாள். அகதிக் காலனியிலிருந்து என் அம்மா வந்தாள். பேத்திக்குப் போட அவளிடம் பொட்டுத் தங்கம் இல்லை. அதனால் விடிவதற்கு முன் எழுந்து சேம்பந்தண்டும் உல்லம் மீன் தலையும் சமைத்து, பித்தளைத் தூக்கில் போட்டு, துணியால் கட்டி, ரயில் மாறி எடுத்து வந்தாள். எங்கள் ஊர் பரிசாலில் விசேஷ வீட்டுக்கு அதைத்தான் எடுத்துப் போவார்கள். நீ கூடத்தில் எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்தாய். "ஐயையோ அண்ணி! உங்கம்மா மாட்டுத் தீவனமில்ல கொண்டாந்திருக்காங்க? இந்த பாங்கால் ஜனங்க குப்பையக்கூட விட்டுவைக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய். கிழக்கு வங்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர்களுக்கு உங்கள் வீட்டில் அந்தப் பெயர்தான். வேலைக்காரியைக் கூப்பிட்டு அதைச் சந்தில் நின்ற பசுவுக்குக் கொட்டச் சொன்னாய். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். உன் அண்ணன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா "பரவால்ல, அதுவும் வாயில்லா ஜீவன்தானே, தின்னட்டும்" என்றாள். வெறும் தூக்கை எடுத்துக்கொண்டு, கை நனைக்காமல் கிளம்பிவிட்டாள். சாகும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீ அப்போது விவரம் தெரியாத குழந்தையும் இல்லை, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு மாட்டுத் தீவனம், இன்றைக்கு நாகரிகமா? நல்ல கூத்து!

இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். உன் விருந்தில் கொடுக்கும் பண்டப் பட்டியல் அட்டையில், சேம்பந்தண்டுக்குப் பக்கத்தில் என் அம்மா பெயர் இருக்கவேண்டும். 'சரஜுபாலா, பரிசால்' என்று. எந்தக் கூடத்தில் அவள் தலை குனிந்தாளோ அதே கூடத்தில் நாலு பேர் அந்தப் பெயரைப் படிக்கவேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

சுரைக்காய்த் தோலை மெல்லிசாக நறுக்கி, கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்து வதக்கி, கசகசா தூவி இறக்கு. வாழைக்காய்த் தோலை வேகவைத்துப் பூண்டும் மிளகாயும் சேர்த்து அம்மியில் அரைத்து, கடுகெண்ணெயில் சுருள வதக்கு. சேம்பந்தண்டை நார் உரித்து, நறுக்கி, உப்புப் போட்டு வேகவை. வெந்த தண்ணீரை ஒட்டப் பிழிந்து கொட்டிவிடு. அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். அப்புறம் வறுத்த மீன் தலையை உடைத்துப் போட்டு, இஞ்சி, சீரகத்தோடு கிளறு. கடைசியில் எலுமிச்சை.

சுரமா


பவானிபூர்
22 அக்டோபர் 2003

அண்ணியின் பாதங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு மூச்சு அழுதுவிட்டேன். எனக்கு அப்படி ஏதும் ஞாபகமே இல்லை அண்ணி, ஆனால் நீங்கள் சொன்னால் நடந்துதான் இருக்கும். அந்த வயசில் வாய் கொஞ்சம் நீளம். அம்மா கொடுத்த செல்லம்.

பெயர்தானே? இதைக் கேட்கவும் வேண்டுமா? பெரிய எழுத்தில், சிவப்பு மையில் போடுகிறேன். என் கண்மேல் சத்தியம். நீங்களும் விருந்துக்கு வந்து முன்வரிசையில் உட்காரவேண்டும். கார் அனுப்புகிறேன்.

வாழைக்காய்த் தோல் துவையல் நேற்றே செய்தோம். ஒரு டாக்டர் மூன்று முறை கேட்டு வாங்கினார். தட்டை வழித்துக்கொண்டே "இத்தனை நாளா நாங்க இதையா குப்பையில போட்டோம்?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துல்துல்


பவானிபூர்
3 நவம்பர் 2003

அண்ணிக்கு,

அவசரமாக ஒரு சந்தேகம். சேம்பந்தண்டு வெந்த தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு இடிக்கிறது. வாசலில் அப்படி ஒரு போர்டை மாட்டிவிட்டு, குடம் குடமாகச் சாக்கடையில் ஊற்றினால் வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? பத்திரிகைக்காரர்கள் சமையலறைக்குள்ளும் வந்து பார்ப்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை. அந்தத் தண்ணீரில் மிளகுத்தூளும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு, குளிரவைத்து, சின்னச் சின்னக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, விருந்துக்கு முன்னால் எல்லோருக்கும் கொடுக்கலாம். பார்க்கவும் பச்சையாக அழகாக இருக்கும். பைத்யநாத் "வேண்டாம்மா, அரிச்சுப் பிடுங்கிடும்" என்று பயமுறுத்துகிறார். கொதித்த தண்ணீர் என்ன செய்துவிடும்? அந்த ஆளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். நானே குடித்துப் பார்த்திருப்பேன், ஆனால் சேம்பு என்றாலே எனக்குக் குமட்டும். இன்றுவரை வாயில் வைத்ததில்லை. நீங்கள் சரியென்று ஒரு வரி எழுதினால் அவரிடம் காட்டி வாயை அடைத்துவிடுவேன்.

உங்கள்
துல்துல்


ராணாகாட்
8 நவம்பர் 2003

துல்துல்லுக்கு,

உன் கடிதமும், என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி கத்தரித்து அனுப்பிய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையும் ஒரே நாளில் வந்தன. உன் பேட்டியைப் படித்தேன். "இதெல்லாம் எங்கம்மாவோட கைப்பக்குவம். குறிப்பா அந்தச் சேம்பந்தண்டு. எங்க வீட்ல ஒரு தோலைக்கூட எறிய விடமாட்டாங்க. அம்மா மடியில உக்காந்து கத்துக்கிட்டது" என்று சொல்லியிருக்கிறாய். விருந்து அட்டையையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு மையில் உன் அம்மா பெயர் தெளிவாகத் தெரிகிறது. உன் படமும் நன்றாக வந்திருக்கிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

தண்ணீர் விஷயம் கேட்டிருந்தாய். உன் சமையலறை, உன் கொள்கை, உன் அம்மாவின் கைப்பக்குவம். இதில் நான் யார் நடுவில்? உனக்கு எது சரியென்று படுகிறதோ அப்படியே செய்.

விருந்துக்கு நான் வரவில்லை. கார் அனுப்பாதே.

சுரமா


பவானிபூர்
18 நவம்பர் 2003

அண்ணிக்கு,

நீங்கள் ஒரு பெண்தானா? உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?

இருபத்தெட்டுப் பேர். வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, எல்லோர் கையிலும் கிளாஸைக் கொடுத்தேன். "துல்துல் தேவியின் அம்மா நினைவாக!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. கைகூடத் தட்டினார்கள். அப்புறம் ஒரு அம்மாள் தொண்டையைச் செருமினாள். பிறகு இன்னொருத்தர். பிறகு கூடம் முழுக்க! விமர்சகர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, "தண்ணி! தண்ணி! தொண்டைக்குள்ள கம்பளிப்பூச்சி ஊருதும்மா!" என்று கத்துகிறார். வயசான பேராசிரியர் ஒருவர் கண்ணீர் கொட்டக் கொட்ட எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப் புடவைக்காரி ஒருத்தி மண்பாண்டத் தயிரைக் கையால் அள்ளி அள்ளி விழுங்கினாள். முதல் போடுவதாகச் சொன்னவர் பேசவே முடியாமல் கையை ஆட்டிவிட்டுப் போனார். இனி முதல் போடப்போவதில்லை என்று இன்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டார். பைத்யநாத்தும் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "அண்ணி எழுதினதக் காட்டினீங்களேம்மா, அதுல எங்கயும் சரின்னு எழுதலியே" என்று கேட்டுவிட்டுப் போனார். உங்களுக்குத் தெரியும். தெரிந்தே விட்டீர்கள்.

வரும் ஞாயிறு பத்திரிகையில் என்னைக் கிழிக்கப் போகிறார்கள். என் அம்மா பெயர் சந்தி சிரிக்கும். அண்ணி, காலில் விழுகிறேன். நீங்கள் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அது உங்கள் அம்மா சரஜுபாலாவின் செய்முறை, பரிசால்காரர்களின் நாக்குக்குப் பழகியது, கொல்கத்தாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்று எழுதுங்கள். நீங்கள் கேட்டபடி அவர் பெயரை அட்டையில் என்ன, வாசல் போர்டிலேயே போடுகிறேன். இப்போதாவது என் அண்ணன் முகத்துக்காக உதவுங்கள்.

துல்துல்


ராணாகாட்
21 நவம்பர் 2003

துல்துல்லுக்கு ஆசிகள்.

ஆமாம். தெரிந்துதான் விட்டேன். பதினாறாம் தேதி சாயங்காலம் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கிளாஸ் கொடுப்பாள், இப்போது குடிப்பார்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அன்றைக்குப் போலச் சோறு எனக்கு ருசித்து வெகுநாளாயிற்று. அந்த வயசான பேராசிரியருக்காக மட்டும் வருத்தப்படுகிறேன். அவர் விலாசம் தெரிந்தால் அனுப்பு, அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

நீ சரியென்று எழுதச் சொன்னாய், நான் எழுதவில்லை. கொட்டு என்று எழுதியதற்குக் கீழே கோடும் போட்டேன். குப்பையை உண்மையிலேயே தின்று வளர்ந்தவர்களுக்கு எதைத் தின்னக்கூடாது என்று தெரியும். எங்கள் காலனியில் ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாயில் வைக்கக் குமட்டுகிற பண்டத்தை நீ ஊருக்கு விற்கப் போனாய்.

முப்பது வருஷம் காத்திருந்தேன். அம்மா பெயரை நாலு பேர் படித்திருந்தால் எல்லாவற்றையும் அன்றைக்கே மறந்திருப்பேன். தண்ணீரைக் கொட்டுடி பைத்தியக்காரி என்று தந்தியே அடித்திருப்பேன். நல்லது நடந்தால் உன் அம்மா பெயர், அரித்தால் என் அம்மா பெயரா?

அழாதே. நீ கேட்டபடி பத்திரிகைக்கு எழுதி நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் கீழே.

'ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். பவானிபூர் விருந்தைப் பற்றி ஒரு விளக்கம். அன்று பரிமாறிய சேம்பந்தண்டும் அந்தப் பச்சைத் தண்ணீரும் தன் தாயாரின் கைப்பக்குவம் என்று என் நாத்தனார் உங்கள் பேட்டியில் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வீட்டின் ஒரே மருமகள் நான், அதற்குச் சாட்சி சொல்கிறேன். வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை. தங்கள் உண்மையுள்ள, சுரமா.'