ஜன்னல் பக்கத்து அறை

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். மாடி அறைச் சாவிகள் ஆணியில் தொங்குகின்றன.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடத்தான் இந்த வீட்டை வாங்கினீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான்தான் எல்லா அறையையும் கூட்டிப் பெருக்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேற்று அறை பார்க்க வந்த பெண்ணிடம், நான் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே, "இந்த ரூம் காலியாத்தாம்மா இருக்கு, நாளைக்கே வந்துடு" என்று சொல்லிவிட்டீர்கள். அவள்தான் என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தால் சொல்லுங்கள்: ஜன்னல் கொக்கியைத் தூக்கி அழுத்தினால்தான் விழும். இல்லாவிட்டால் மழை தலையணையில் அடிக்கும். உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

இன்னொன்று. என் துணி, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது, அப்பா.