மூடிய பெட்டிக்கு மாற்று டிரைவர்

அக்டோபர் 9, வியாழன்

மழை 14 மி.மீ. காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல் இடி. மழைமானியின் வாயில் எறும்புக் கூட்டம். துடைத்து வைத்தேன்.

தாழ்ந்த சத்தத்துக்கு வைத்திருக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர் செத்துவிட்டது. நேற்று கரகரத்தபோதே சந்தேகம். தேயிலை ஃபாக்டரி விட்டு வந்ததும் கழற்றிப் பார்த்தேன். கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் உதிர்ந்து விரலோடு வருகிறது. உள்ளே சுருள் கருகிய நாற்றம். எல்லா மோட்டாருக்கும் சுருள் கட்டுகிற எலக்ட்ரீஷியன் வீட்டில் இந்த நிலை.

பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. என் கையால் செய்தது. முப்பது லீட்டர். ஒரு ஓட்டை கிடையாது, காற்று உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. உள்ளே பழைய தலையணைப் பஞ்சு. பெட்டியை வைத்துக்கொண்டு புது டிரைவர், சத்தம் போடுகிற அந்தக் கூம்புப் பாகம், மட்டும் தேட வேண்டும். பழைய மாதிரி இப்போது வருவதே இல்லையாம்.

வீட்டுக்காரி சரோஜா டிரைவரைச் ‘சட்டி’ என்கிறாள். இருக்கிற பெட்டியில் வேறு சட்டியைப் போட்டால் போதாதா என்று கேட்டாள். போதாது, எல்லாச் சட்டியும் எல்லாப் பெட்டிக்கும் ஒத்துவராது, மூடிய பெட்டிக்குள் காற்று ஸ்பிரிங் மாதிரி தள்ளும், அந்தத் தள்ளுக்கு ஏற்ற டிரைவர் வேண்டும் என்று விளக்கினேன். நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்த களைப்பு. பாதியில் தூங்கிவிட்டாள்.

போனில் பார்த்துக் குறித்தவை:

ஒன்று, மேடைக்குப் போடுகிற பத்து அங்குலம். விலை குறைவு, சத்தம் அதிகம். ஆனால் ஐம்பது ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. வேண்டாம்.

இரண்டு, பன்னிரண்டு அங்குலம். முகப்பை வெட்ட வேண்டும். அதற்கு அறுபது லீட்டராவது தேவை. என் பெட்டியில் அடைத்தால் தொம் தொம் என்று ஒரே சுருதி. பெட்டிக்கும் டிரைவருக்கும் பொருத்தக் கணக்குப் போட்டதில் 1.2 வருகிறது. 0.7 வந்தால்தான் ஒழுங்கு.

மூன்று, காருக்குப் போடுகிற பத்து அங்குலம். பெரிய காந்தம், தளர்ந்த ஓரம். கணக்குப் போட்டால் 0.69. இரண்டு தடவை போட்டேன். 0.69 தான். வாத்தியார் கணக்குப் பேப்பரில் சரி போட்ட மாதிரி சந்தோஷம்.

தீபாவளிக்குள் முடிக்க வேண்டும்.

அக்டோபர் 11, சனி

மழை 9. டிரைவர் வாங்கப் பதுளை டவுன். பண்டாரவளையில் பஸ் மாறி, நின்றுகொண்டே பயணம்.

கடைக்காரர் பன்னிரண்டைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். “இத எடுங்க, லயமே ஆடும்” என்றார். லயத்து வீட்டு வரிசை ஆட வேண்டாம், தாழ்ந்த சத்தம் சுத்தமாக வந்தால் போதும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாவதுதான் எடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கேக்கா என்று கேட்டார்.

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன். சரோஜாவுக்குக் கோபம்.

வந்தவுடன் மாட்டினேன். திருகு எட்டும் சரியாக உட்கார்ந்தன. ஓரத்தில் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். புது டிரைவர் விறைப்பாக இருக்கும், ஒரு மணி நேரம் தாழ்ந்த சத்தம் ஓட விட்டால் தளரும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாளை.

அக்டோபர் 13, திங்கள்

ஸ்கூல் ஹாலில் இருந்து எழுதுகிறேன். நேற்று மழை 41. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

நேற்று மாலை நாலு மணி. நல்ல மழை. பெட்டியை எங்கள் காம்பரா மூலையில், பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரோடு சேர்த்து வைத்தேன். மூலையில் வைத்தால் தாழ்ந்த சத்தம் கூடும். முப்பது ஹேர்ட்ஸ், ஒரே சீரான சத்தம். நாற்பது செகண்ட் ஓடும், பத்து செகண்ட் நிற்கும், மறுபடி ஓடும். சுருள் சூடாகாமல் இருக்க அந்த இடைவெளி. அதை ஓட விட்டுவிட்டு மழைமானி பார்க்க, பகலில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு ஏறினேன். மண்சரிவுக் குழுவில் மழைமானியும் கைச் சைரனும் என் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவன், கைச் சுத்தம் உள்ளவன் என்று தோட்டத் தலைவர்தான் என் பெயரைக் கொடுத்தார்.

மேலே நின்று அளவு பார்க்கும்போது கீழே கத்தல். “மண்ணு வருது, மண்ணு வருது.” ஆட்கள் லயத்தை விட்டு ஓடுகிறார்கள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சைரனை எடுத்துச் சுற்றினேன். மற்ற இரண்டு லயமும் வெளியே வந்தது. எல்லோரும் மழையில் ஸ்கூலுக்கு ஏறினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சிலர் செருப்புக்கூட இல்லாமல். அந்த நேரம் பார்த்து இடி விழுந்து கரண்டும் போனது.

பக்கத்துக் காம்பரா ராஜம்மா அக்கா வாசல் தண்ணீர்க் கானில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிவு. ஹல்துமுல்லை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கொழுந்து எடுக்க முடியாது.

ஹாலில் எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அடியிலிருந்து வந்ததாம். தகரம் நடுங்கியதாம், கோப்பை தட்டில் ஆடியதாம். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “விட்டு விட்டு வந்துச்சு தம்பி. கொஞ்ச நேரம் உறுமும், நிக்கும், மறுபடி உறுமும். மலை மூச்சு வாங்குற மாதிரி.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாற்பது, பத்து. நாற்பது, பத்து.

எழுந்து வெளியே போய் நின்றேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். வெட்கம் கெட்டவன், முழுவதையும் குடித்தேன்.

அதே நாள், மாலை

மழை 6. பதுளையிலிருந்து மண்சரிவுப் பிரிவு ஆபீசர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், மரியாதையானவர். லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தார். பழைய கீறல் இரண்டு இருக்கிறது, அதை அளந்தார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். என்னிடம், “நீங்கள்தானே சைரன் அடிச்சது? சத்தம் எத்தினை மணிக்குத் துவங்கினது?” என்றார். நாலு மணிக்கு மேல் என்றேன். உண்மைதான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

தலைவர் எல்லோர் முன்னும் என் தோளில் கை போட்டார். தம்பி இல்லாவிட்டால் இன்றைக்கு யார் யார் இருந்திருப்போமோ என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மறு அறிவித்தல் வரை ஒருவரும் லயத்துக்குத் திரும்பக் கூடாது. அறுபத்து இரண்டு குடும்பம், ஒரு ஹால், நான்கு கக்கூஸ்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை. பனி மட்டும்.

உடுப்பு எடுக்க அரை மணி நேரம் லயத்துக்குப் போக விட்டார்கள். சரோஜா மூலையில் பெட்டியைப் பார்த்தாள், அதிலிருந்து போன வயரைப் பார்த்தாள், பிறகு பொதுச் சுவரைப் பார்த்தாள். உடுப்பை மடித்தபடி கேட்டாள், நேற்று முன்தினம் இது ஓடியதா என்று. ஆமாம் என்றேன். “நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்” என்றாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொல்வது என்று முடிவுசெய்துகொண்டு தலைவரிடம் போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டேன். திட்டுவார், அடித்தாலும் சரி என்றிருந்தேன். அவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு மெதுவாக, இருபது வருஷமாகப் பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்டு மகஜர் கொடுக்கிறோம், ஒரு நாய் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது ஆபீசர் வீட்டுப் பட்டியலுக்கு நம் பெயர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார் என்றார். “சத்தம் கேட்டுச்சா? கேட்டுச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு யாராச்சும் உன்னயக் கேட்டாங்களா? பேசாம இரு தம்பி.”

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் அசிங்கமாக இருக்கிறது. நல்லது செய்கிற மாதிரியே மறைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது.

ராஜம்மா அக்காவுக்கு சரோஜா தலை வாரிவிட்டாள். சோறு பிசைந்து கொடுத்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 15, புதன்

மழை 11. ஃபாக்டரியில் ரோலர் மோட்டார் நின்றது. பெல்ட். ஒரு மணி நேர வேலை.

ஹாலில் வீட்டுப் பேச்சுதான். சமையலறை பின்னால் வேண்டுமா, பக்கத்தில் வேண்டுமா. ஏழு பேர்ச்சஸ் நிலம் என்கிறார் ஒருவர், பத்து என்கிறார் இன்னொருவர். ஒரு தாத்தா மாமரம் வைக்கப் போகிறாராம். ராஜம்மா அக்கா இடது கையால் தரையில் கோடு போட்டு, இங்கே வாசல் என்று காட்டினார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை.

மேடைக்குப் போடுகிற மலிவு டிரைவரை வாங்கியிருந்தால் ஒருவரும் ஓடியிருக்க மாட்டார்கள். அதில் முப்பது வராது. நல்லதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை 19.

தோட்டத்து மேல் டிவிஷனில் கரண்ட் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். கடைசி லயத்தில் வயர் அறுந்திருந்தது. ஏணி போட்டேன். சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருக்கிறது. கையை நுழைத்துப் பார்த்தேன், மணிக்கட்டு வரை போனது. அந்தப் பக்கம் காற்று. தரையிலும் ஒரு வெடிப்பு, அதன் மேல் சாக்கு விரித்து பிள்ளையைக் கிடத்தியிருக்கிறார்கள்.

ஆபீசர் வந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். இந்தக் கிழமை வருவதாக இருந்ததாம். கீழ் டிவிஷனில் மலை உறுமிவிட்டதால் அதுதான் அவசரம், உங்களுடையது அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பிள்ளையின் தாய் சொன்னாள். கோபமே இல்லை அவளுக்கு. “ஒங்களுக்குச் சத்தம் கேட்டுச்சாமே அண்ணே. குடுத்து வச்சவங்க. எங்களுக்கு வெடிப்பு மட்டுந்தான், சத்தமே கேக்கல.”

ஏணியில் இருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை 8.

காலை ஒன்பதே கால் மணிக்கு ஆபீசருக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை வெட்டினேன், மூன்றாவது தடவை பேசினேன். எல்லாம் சொன்னேன். பெட்டி, டிரைவர், முப்பது ஹேர்ட்ஸ், நாற்பது பத்து, கரண்ட் போனது. போன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

பிறகு, கடிதமாக எழுதி ஒப்பம் வைத்துத் தர வேண்டும் என்றார். தருகிறேன் என்றேன். மேல் டிவிஷன் கடைசி லயத்தை உடனே வந்து பாருங்கள், தரை வெடித்திருக்கிறது என்றேன். அதுவும் உங்கட பெட்டியாலோ என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். இல்லை சேர், அது மலையே செய்தது என்றேன். நாளைக்கு வருகிறாராம்.

கடிதம் நாலு தடவை எழுதினேன். ‘தவறுதலாக’ என்ற சொல்லை முதலில் போட்டேன். பிறகு வெட்டினேன். சத்தம் தவறுதலாக நடந்தது, ஐந்து நாள் வாயை மூடியிருந்தது தவறுதலாக இல்லை.

சைரனையும் மழைமானிப் புத்தகத்தையும் தலைவரிடம் ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்டார். முகம் பார்க்கவில்லை.

அக்டோபர் 18, சனி

மழை எனக்குத் தெரியாது. இனி பார்ப்பது என் வேலை இல்லை.

ஆபீசர் காலையிலேயே வந்து நேராக மேல் டிவிஷனுக்கு ஏறினார். அந்த லயத்தில் ஒன்பது குடும்பம். உடனே வெளியேறச் சொல்லிவிட்டார். இந்த ஹாலுக்குத்தான் அவர்கள் வருகிறார்கள். நாங்கள் லயத்துக்குத் திரும்பலாம். எங்கள் லயம் வீட்டுப் பட்டியலில் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். சரோஜா முன் வரிசையில். யாரும் கத்தவில்லை. ஒருவர் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். தாத்தா, அப்போ மாங்கன்று என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு ஆள் ஆளாக எழுந்து மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

ராஜம்மா அக்காவிடம் போனேன். ஆறு கிழமைக்கு அவர் காம்பரா வேலை எல்லாம் நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்ல நினைத்துத்தான் போனேன். நான் தொடங்குவதற்கு முன் அவர்தான் கேட்டார்.

“அன்னைக்கு என்ன பாட்டு தம்பி போட்ட?”

“பாட்டு இல்லக்கா. வெறும் சத்தம். ஸ்பீக்கர் தளர்றதுக்கு.”

“ஒரு பாட்டுக்கூட இல்லயா?”

இடது கையால் பாயைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டச் சுருட்டப் பிரிந்தது. மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தேன். வேண்டாம் என்றார்.