வைக்கோலில் படுத்த மூன்று குட்டிகள்

இன்று காலை குடோனில் இருந்த வைக்கோலை எல்லாம் எரித்துவிட்டேன். கப்பு, ஜாடி கட்டி அனுப்ப வைத்திருந்தது. பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. புகை வாசனை சட்டையை விட்டுப் போகாததால் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடி ஏழு மாதம். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனதும், பீங்கான் அடுக்குகளுக்கு நடுவே "மீனு, மீனு" என்று நீ கூப்பிடுவது எனக்கு இன்னும் கேட்கிறது. முதல் பூனைக்குட்டிக்கு மட்டும்தான் நீ பெயர் வைத்தாய்.

அது வந்த அன்றே சொன்னாய்: "ஒரு ஊசி போட்டுக் கொண்டாந்துடுங்க. பக்கத்து வூட்டுப் பூனைக்குப் போட்டாங்களாம்."

"எலி புடிக்க வந்ததுக்கு ஊசியா? மாடா அது, பால் கறக்க?"

பத்தாம் நாள் வாந்தி, பேதி. வைக்கோல் கூடையிலேயே சுருண்டு செத்தது. திட்டக்குடிக்குச் சரக்கு இறக்கப் போனபோது இன்னொன்றைத் தூக்கிவந்து அதே கூடையில் விட்டேன். அதுவும் போயிற்று. மூன்றாவது உன் மடியில் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தபோது நிமிர்ந்து பார்த்தாய்.

"ஒடைஞ்ச டம்ளருக்கு வேற எடுத்து வெக்கிற மாதிரி வெக்கிறீங்களே."

ராசி இல்லாத இடம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம், சரக்குக் கட்டும் செல்வியிடம் அவள் வீட்டுக் குட்டியைக் கேட்டேன். "கோச்சுக்காதீங்க மொதலாளி, உங்க குடோனுக்குன்னா தரமாட்டேன். அக்கா இருந்தப்பவே மூணு போச்சு."

அன்றுதான் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கிருமி தரையிலயும் வைக்கோல்லயும் மாசக்கணக்கா இருக்கும். ஒண்ணு செத்த எடத்துல ஊசி போடாத இன்னொண்ண விட்டா, நீங்களே நோயக் கொடுத்த மாதிரிதான்."

விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்ட ஜாடியை ஒதுக்குகிறவன் நான். முதல் குட்டியை என் அசட்டை கொன்றது. மற்ற இரண்டையும் நானே கொண்டுபோய் நோயில் படுக்க வைத்தேன். இதை உன்னிடம் சொல்ல வழியில்லை.

செல்வியிடம் மறுபடி போனேன். நிபந்தனைகளை அவள் சொன்னாள். நான் பேரம் பேசவில்லை. தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். டாக்டரம்மா சொல்கிற ஊசி எல்லாம் போட்டு முடியும்வரை குட்டி அவள் வீட்டில்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வருவது என் வேலை. அப்புறம் வருஷா வருஷம் ஊசிச் சீட்டை அவளிடம் காட்ட வேண்டும்.

"ஒரு வருஷம் தவறினாலும் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன் மொதலாளி."

"தூக்கிட்டுப் போ" என்றேன்.