கணவன் போடாத கையெழுத்து

1903, ஜனவரி 14

காலையில் பதினொரு நோயாளிகள். குதிரை உதைத்த விலா ஒன்று, காதில் சீழ் வைத்த குழந்தைகள் மூன்று, மற்றவர்களுக்கெல்லாம் இருமல். மத்தியானம் பக்கத்து ஊரில் பிரசவம். போகும் வழியில் பனிவண்டி இரண்டு தடவை கவிழ்ந்தது. பெண் குழந்தை. தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைத் தண்ணீருக்கு நாலு நடை நடக்கவிட்டேன். தேவைப்பட்டது இரண்டு வாளிதான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் வலேரியானிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் அனுப்பும் சீட்டு உள்ளே இல்லை. "என் மனைவி கபிதோலினா ஓராண்டு வெளியூரில் வசிக்க அனுமதிக்கிறேன்." அந்த ஒரு வரியும் கீழே அவர் கையெழுத்தும்தான் மூன்று வருடமாக என்னை இங்கே மருத்துவச்சியாக வைத்திருக்கின்றன. இந்த வருடம் அனுப்பப் போவதில்லையாம். போதும், தவக்காலத்துக்கு முன்னால் வீடு வந்து சேர் என்று எழுதியிருக்கிறார். கடைசியில், குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள் என்றும்.

பழைய சீட்டு பிப்ரவரி முதல் தேதியோடு முடிகிறது.

ஜனவரி 15

கோபம் ஆறவில்லை. எனக்கு முப்பத்தொரு வயது. ஊர்விட்டு ஊர் போய் வசிக்கவே இங்கே பாஸ்போர்ட் வேண்டும், எனக்கென்று ஒன்று கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுடையதில் ஒரு வரியாக இருந்தேன், இப்போது கணவருடையதில் ஒரு வரி. ஆஸ்பத்திரிக் குதிரைக்குக்கூடத் தனியாக ஒரு தாள் இருக்கிறது.

ஜனவரி 26

நான் எழுதிய ஆறு பக்கத்துக்கு நாலு வரியில் பதில். "நான் உன்னை அடித்தேனா? பட்டினி போட்டேனா? என்மீது என்ன குறை கண்டாய்?"

என்ன குறை. சரி, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், வீட்டில் விருந்து. மேலதிகாரி சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். தெருக்கோடியில் ஒரு சலவைக்காரிக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. நான் எழுந்து போனேன். திரும்பி வந்ததும் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. என்னைப் படுக்கையறைக்குள் விட்டு வெளியே பூட்டினார். நாலு நாள். வேளாவேளைக்குக் கதவைத் திறந்து தட்டை வைத்துவிட்டு, "பசிக்குமே, சாப்பிடு கபா" என்பார். திரும்பப் பூட்டுவார். நான் கதவில் தட்டியது கீழ்வீட்டு மெழுகுவர்த்திக் கடைக்காரர் மனைவி ஃபெவ்ரோனியாவுக்குக் கேட்டிருக்கிறது. பிற்பாடு அவளே சொன்னாள்.

இது அடியா? இல்லை. பட்டினியா? இல்லை. அப்படியானால் குறையும் இல்லை.

பிப்ரவரி 2

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ரைசா பவ்லோவ்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைநகரில் மன்னர் பெயரில் மனு வாங்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறதாம். கணவன் மறுத்தாலும் அவர்கள் மனம் வைத்தால் மனைவிக்குத் தனிச் சீட்டு கிடைக்கும் என்றார். உடனே காகிதத்தை எடுத்துவைத்துச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"அடிப்பானா?"

"இல்ல."

"குடி?"

"பண்டிகைக்கு ஒரு கோப்பை."

"வேற பொம்பள?"

"இல்ல."

"சே. ரெண்டு பல்லையாவது உடைச்சிருக்கலாம் மனுஷன். மனு எழுத வசதியா இருந்திருக்கும்."

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரித்த வாயை மூட முடியவில்லை, பிறகு அழுகையாகப் போய்விட்டது. நாலு நாள் பூட்டியதை எழுதினோம். சாட்சி, ஃபெவ்ரோனியா.

பிப்ரவரி 11

நோன்புக்கு முந்திய வாரம். ஊரெல்லாம் அப்பம் சுடும் வாசனை. கான்ஸ்டபிள் லுக்கியான் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். போன வருடம் அவன் மனைவிக்கு இரட்டைக் குழந்தை. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, நீங்களா வண்டி பிடிச்சுப் போயிடுவீங்கன்னு எழுதிப் பாத்தேன். உங்க வீட்டுக்காரர் சம்மதிக்கலியாம். காவலோட கொண்டாந்து ஒப்படைக்கணும்னு மனு குடுத்திருக்காரு."

"காவலோடன்னா?"

"கைதிங்க போற கூட்டத்தோட."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரைசா பவ்லோவ்னா அவனைப் பார்த்துக் கத்தினார், மாவட்ட அதிகாரிக்குக் கடிதம் எழுதினார், நேரிலும் போனார். அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்து, சட்டம் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 20

ஐந்து நாள் நடை. எங்கள் கூட்டத்தில் முப்பத்தேழு பேர். எனக்கு முன்னால் குதிரை திருடியவன், பின்னால் மாமியாரை வெட்டியவள். என் குற்றம் என்ன என்று அவள் கேட்டாள். சொன்னேன். அவள் நம்பவில்லை.

பிப்ரவரி 24

வந்து சேர்ந்தேன். காவலர் என்னை வாசலில் நிறுத்தி வலேரியானிடம் கையெழுத்து வாங்கினார், பார்சல் ஒப்படைப்பதுபோல. நான் வந்ததற்கும் ஒரு கையெழுத்து. அதை மட்டும் மறுக்காமல் போட்டான்.

ஆம், போட்டான். இந்தப் பக்கத்திலிருந்து அவன் எனக்கு அவன்தான்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. காளான் வடிசாறு, புது ரொட்டி, ஜாம். என் உடம்பில் வழிநெடுகிலும் படுத்த சிறைக்கொட்டடிகளின் நாற்றம், தலைமுடியில் பேன், காலில் கொப்புளம். அவன் எழுந்து வந்து என் கோட்டைத் தன் கையாலேயே கழற்றி மாட்டினான்.

"வா கபா. ரொம்பக் களைச்சிருப்பே. தேநீர் சூடா இருக்கு."

ஒரு வசவு சொல்லியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். சரக்கறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

மார்ச் 3

சரக்கறையில்தான் படுக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் "என் மனைவிக்கு ஊர் மாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறான். எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

மார்ச் 10

அவனுக்குக் காய்ச்சல். தலைவலி, கண்கள் சிவப்பு. கலால் அலுவலகத்தில் இருந்து பாதி நாளில் வந்து படுத்துவிட்டான்.

மார்ச் 14

சந்தேகமில்லை. வயிற்றில் தடிப்புகள். டைஃபஸ். கைதிகளின் காய்ச்சல். பேன் இருக்கும் இடத்தில் எல்லாம் இது இருக்கும். என் கோட்டில் வந்திருக்கிறது, அந்தக் கோட்டை அவனே தன் கையால் கழற்றினான். எனக்குப் பஞ்சம் வந்த வருடத்திலேயே வந்து போய்விட்டதால் இனி வராது.

காவலோடு கொண்டுவரச் சொன்னானே, கேட்டது வந்து சேர்ந்தது. இப்படி எழுதக் கூடாதுதான். எழுதுவேன்.

சமையல்காரி அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அவன் உறவு ஜனம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தலையை மழித்து, துணியெல்லாம் கொதிக்கவைத்து, அறையைக் கழுவி — நான்தான்.

மார்ச் 23

இன்று நாடி நூலாகிப் போனது. உதடு நீலம். இதயம் நின்றுவிடும் என்று தெரிந்தது.

இதயத்தை எழுப்பும் கற்பூர ஊசி மேசைமேல் இருந்தது. விதவைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அவளுக்குத் தன் பெயரில் பாஸ்போர்ட் கிடைக்கும். ஊசியை எடுக்காமல் இருந்தாலே போதும். யார் கேட்பார்கள்? இந்த ஊர் டாக்டர்கூடக் கேட்கமாட்டார். இப்படியெல்லாம் நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் நினைத்தேன்? கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுவாசம் ஒன்று தவறியது, என் கை ஊசியை எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, கை எடுத்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம்.

நாடி திரும்பியது. அடுப்படிக்குப் போய் ஒரு தட்டை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்தேன்.

மார்ச் 25

காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 6

ஈஸ்டர். கோயில் மணி காலையிலிருந்து ஓயவில்லை. ஃபெவ்ரோனியா சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள் கொண்டுவந்தாள். அவனைப் பார்த்துக் கண்கலங்கி, "ஆண்டவன் காப்பாத்திட்டான்" என்றாள். அவனும் ஆண்டவனுக்கே நன்றி சொன்னான்.

ஏப்ரல் 21

சன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து கோழிச் சாறு குடித்துக்கொண்டிருந்தான். மழித்த தலையில் முடி அரும்புகிறது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று காகிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தேன். அவன் கண் நிறைந்துவிட்டது.

"கபா, நீ இல்லேன்னா நான் இன்னிக்கு மண்ணுக்குள்ள இருப்பேன்."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

"அதனாலதானே போட முடியல. உன்ன மாதிரி ஒருத்தி கெடைச்சா, யாராவது வெளிய அனுப்புவானா? நீயே சொல்லு."

உள்ளத்திலிருந்துதான் சொன்னான். பரிகாசம் இல்லை, வன்மம் இல்லை. கருணையோடு என்னைப் பார்த்துக்கொண்டே காகிதத்தை மடித்துக் சாற்றுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துக்கொண்டான், மேசையில் கறை படாமல் இருக்க.

மே 8

தலைநகரில் மனு பிரித்துப் படிக்கப்பட்டிருக்கிறது! விசாரிக்க ஒரு போலீஸ் கேப்டன் வந்தார். முதலில் கீழ்வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு பாதிரியார். நான் எத்தனை ஆண்களோடு பேசுகிறேன், கோயிலுக்குப் போகிறேனா, என்ன புத்தகம் படிக்கிறேன் — எல்லாம் கேட்டாராம். கடைசியாக என்னிடம் வந்தார். சின்ன வயசு, பணிவானவர். கதவு பூட்டியதைச் சொன்னேன்.

"கீழ்வீட்டம்மா அப்படி ஒண்ணும் கேக்கலன்னு சொல்றாங்களே. நீங்க உங்க கணவரக் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டதத்தான் ஒரு மணி நேரம் சொன்னாங்க."

"நான் மருத்துவச்சி. தெருவுல கெடக்கிறவனுக்கும் அதைத்தான் செய்வேன்."

"தெருவுல கெடக்கிறவனுக்காக யாரும் ரெண்டு வாரம் விழிச்சிருக்க மாட்டாங்கம்மா," என்றார் அவர், என்னைத் தேற்றுவதுபோல. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மே 9

ஃபெவ்ரோனியாவிடம் போனேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் திரிநூலைக் கத்தரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"எனக்கு மட்டும் கதவு பூட்டலியா? உனக்கு நாலு நாள்தான். எனக்கு யார் மனு எழுதினா?"

அவள்மீது கோபப்படத்தான் போனேன். வெறுங்கையோடு மேலே ஏறி வந்தேன்.

ஜூன் 19

முடிவு வந்துவிட்டது. நல்ல தாள், அழகான எழுத்து. "மனுதாரர் தம் கணவரின் நோய்க்காலத்தில் அர்ப்பணிப்போடு பணிவிடை செய்தது அண்டை அயலாரால் உறுதி செய்யப்பட்டுள்ளது. இல்லறத்தில் தீராத பிளவு இருப்பதாகக் கருத இடமில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது."

நான் அவனைச் சாகவிட்டிருந்தால் விதவை. மோசமாகக் கவனித்திருந்தால் பிரிந்து வாழத் தகுதியானவள். நன்றாகக் கவனித்ததால் மனைவி. இதைப் படித்துக் கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர். மூவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள்.

அவன் தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். "நான் சொன்னேனில்ல" என்றுகூடச் சொல்லவில்லை. மாலை மருந்து எந்தப் புட்டியில் என்று கேட்டான்.

ஜூன் 20

இனி யாரிடமும் எதையும் கேட்கப் போவதில்லை.

ஜூலை 2

அஞ்சலில் ஒரு பழைய ரவிக்கை வந்தது. உள்தையலில் ஒரு பாஸ்போர்ட். குடியானவ விதவை, முப்பத்துநாலு வயது, சாம்பல் நிறக் கண்கள், தனி அடையாளம் இல்லை. வசந்த காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தவள், கேட்க யாரும் வராதவள். அனுப்பியவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். பிடிபட்டால் அவருக்கும் சிறைதான். அவருக்கு நான் எழுதவும் கூடாது.

என் கண்கள் பழுப்பு. பார்க்கலாம்.

ஜூலை 6

அவன் வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போகிறான், நாளை மாலைதான் திரும்புவான். மருத்துவச்சிப் பட்டயத்தை என்ன செய்வது என்று காலையெல்லாம் யோசித்தேன். அதில் என் பெயர் இருக்கிறது. எடுத்துப்போனால் ஆபத்து. அடுப்பில் போட மனம் வரவில்லை, போட்டேன். ஓரத்தில் இருந்த முத்திரை மெழுகு உருகிச் சீறியது. நான் ஏற வேண்டிய படகு இரவு பத்து மணிக்கு.

நவம்பர் 3

இந்த நோட்டை வைத்திருப்பதே முட்டாள்தனம். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. இங்கே என் பெயர் மாவ்ரா. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிறேன், படுக்கைத் துணி துவைக்கிறேன். பட்டயம் இல்லாதவளுக்கு வேறென்ன வேலை? டாக்டர் இந்த வருடம்தான் படித்து முடித்தவர், இருபத்தைந்து வயது. முதல் வாரம் என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கை கழுவுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். கிருமி என்றால் என்ன என்று படம் போட்டுக் காட்டினார். நகக்கண்ணை மறந்துவிட்டார். "ரொம்ப நல்லதுங்க ஐயா" என்றேன். அன்று கோபத்தில் தேய்த்த தேய்ப்பில் தரை பளபளத்தது.

இன்று பிரசவத்துக்கு ஒரு பெண். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை, கை இரண்டு முறை உள்ளே போய் வெறுமனே வந்தது. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஐயா, வலி விட்டதும் கொழந்தையோட காலைத் தேடுங்க. கை எடுத்துடாதீங்க."

திரும்பிப் பார்த்தார். நேரம் இல்லை, சொன்னபடி செய்தார். கால் கிடைத்தது. கால் மணி நேரத்தில் குழந்தை அழுதது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும், மாவ்ரா?"

"மாட்டுக்குப் பாத்திருக்கேங்க."

 அவர் பிறப்புப் பதிவேட்டில் தன் பெயரை எழுதி, பேனாவைத் துடைத்து வைத்தார். "அடுத்த தடவை கூப்பிடுவேன். வாளிய வச்சுட்டு வா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து ஆற்றங்கரை வரை நடந்தேன். கரையோரம் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கடையில் சூரியகாந்தி விதை வாங்கிக் கொறித்துக்கொண்டு, வேண்டுமென்றே நீண்ட வழியாகத் திரும்பினேன்.